கடித வழியும் வலை வழியும்

காரைதீவிலிருந்து மேற்கே அம்பாறையை நோக்கிச் செல்லும் வீதியில், இருமருங்கும் வயல்கள் விரிந்து கிடக்க, மாவடிப்பள்ளித் தாம்போதியைக் கடந்து சம்மாந்துறைக்கு வருகின்றவர்களுக்கு அந்தத் தாம்போதியின் அருமை கோடையில் தெரிவதில்லை. மாரியில் வெள்ளம் அதன் மேலாற் பாயத் தொடங்கிய பின்னர்தான், கடற்கரை ஊர்களும் வயற்கரை ஊர்களும் ஒன்றையொன்று எவ்வளவு நம்பியிருக்கின்றன என்பது மனத்தில் உறைக்கின்றது. கணினி உலகத்திலும் இவ்வாறு இரண்டு கரைகள் உண்டாகியிருக்கின்றன. ஒரு கரையில் கடிதப் போக்குவரத்தையே உயிராகக் கொண்ட மூத்தவர்கள் இருக்கின்றார்கள். மறுகரையில் இணையத் தளத்தில் ஒரு பொத்தானை அழுத்திக் காரியத்தை முடித்துப் பழகிய இளையவர்கள் இருக்கின்றார்கள். இவ்விரண்டுக்கும் இடையே தாம்போதி கட்டுவதற்குச் சில வருஷங்களாக நடைபெற்றுவரும் பிரயத்தனங்களைப் பற்றிச் சாதாரண வாசகர்களும் அறிந்துகொள்வது நன்று; ஏனெனில் நம் கைத்தொலைபேசிக்குள் ஓடும் மென்பொருளிற் பெரும்பகுதி இவர்களுடைய கைகளிலிருந்தே வருகின்றது.

தென்கிழக்குப் பல்கலைக்கழகம் ஒலுவிலில் அமைந்திருந்தாலும், அதன் பிரயோக விஞ்ஞான பீடம் சம்மாந்துறையிலேதான் இருக்கின்றது. அங்கே கணினி விஞ்ஞானம் பயிலும் ஒரு மாணவி, தான் அன்றாடம் கையாளும் ‘கிட்’ என்னும் கருவியில் ஒரு சிறு பிழையைக் கண்டுபிடித்து, அதனை நிவர்த்தி செய்யும் இரண்டு வரிகளையும் எழுதி முடித்துவிட்டாள் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கருவி எவருக்கும் தனியுடைமையானதன்று. அதன் மூலநிரல் யாவரும் வாசிக்கவும் திருத்தவும் தக்கதாகத் திறந்து வைக்கப்பட்டிருக்கின்றது. அவளுடைய இரண்டு வரிகளை ஏற்பதற்கு அவள் எந்த ஊரினள், என்ன பட்டம் பெற்றவள் என்று எவரும் கேட்கப் போவதுமில்லை. ஆனால் அந்த வரிகளை உரிய கைகளில் எவ்வாறு சேர்ப்பது என்று தேடத் தொடங்கியதும் அவள் மலைத்துப் போகின்றாள். திருத்தத்தை எழுதுவதற்கு அரைமணி நேரம் போதுமாயிருந்தது; அதனை அனுப்பும் முறையைக் கற்பதற்கோ இரண்டு நாட்கள் வேண்டியிருக்கின்றன.

இதற்குக் காரணம் விளங்கவேண்டுமானால் சற்றுப் பின்னோக்கிச் செல்லவேண்டும். மருதமுனைத் தறியில் நெய்த சாறன் ஓரிடத்திற் கிழிந்துபோனால், அதற்காக வேறொரு சாறனை நெய்வதில்லை. கிழிந்த இடத்துக்கு மாத்திரம் ஒட்டுப் போடுகின்றோம். மென்பொருளிலும் அவ்வாறே மாறிய வரிகளை மாத்திரம் எழுதியனுப்பினாற் போதும் என்ற வழக்கம் ஏற்பட்டது. அதற்கு ஆங்கிலத்திலும் ‘பேட்ச்’, அதாவது ஒட்டு, என்றே பெயர். அவ்வாறு வந்த ஒட்டைத் தானாகவே உரிய இடத்திற் பொருத்திவிடும் ஒரு சிறு கருவியை லாரி வோல் என்பவர் 1985 இல் வெளியிட்டார். அதன் பின்னர் ஒரு கண்டத்தில் எழுதப்பட்ட திருத்தம், சில பக்கங்களே கொண்ட கடிதமாக மற்றொரு கண்டத்தை அடைவது எளிதாயிற்று. 1991 ஆகஸ்ட் மாதத்தில் ஹெல்சிங்கி நகரத்து மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ் தமது லினக்ஸ் இயங்குதளத்தை உலகுக்கு அறிவித்தபோது, உதவ முன்வந்தவர்கள் பெரும்பாலும் இந்தக் கடித வழியாலேயே வந்தார்கள். ஒருவர் எழுதும் கடிதம் அதே கணத்தில் உறுப்பினர் எல்லோருக்கும் போய்ச் சேருவதற்கென்று அமைந்த மடலாடற்குழுவே அவர்களுடைய சபையும் காரியாலயமும் ஆயிற்று.

இன்று லினக்ஸின் கருப்பகுதியாகிய கேர்னல் 30 மில்லியன் வரிகளைத் தாண்டிவிட்டது. ஏறத்தாழ ஒன்பது பத்து வாரங்களுக்கு ஒருமுறை புதிய பதிப்பு வெளிவருகின்றது. ஒவ்வொரு பதிப்பிலும் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட திருத்தங்கள் சேர்கின்றன. இவ்வளவும் இன்றைக்கும் பெரும்பாலும் கடித வழியாலேயே நடைபெறுகின்றன என்று சொன்னால் நம்புவது கடினம். ஆனால் வயற்காரர்களுக்கு இது புதுமையாகத் தோன்றாது. ஒவ்வொரு வயற்கண்டத்துக்கும் ஒரு வட்டவிதானை இருப்பது போலவே, கேர்னலின் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு பராமரிப்பாளர் இருக்கின்றார். யார் எந்தப் பகுதிக்குப் பொறுப்பு என்பது ஒரு நீண்ட ஜாபிதாவில் எழுதப்பட்டிருக்கின்றது. கல்லோயா நீர் எந்தத் திகதியில் திறக்கப்படும், விதைப்பு எந்தத் திகதியில் முடிவடைய வேண்டும் என்பதெல்லாம் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் தீர்மானமாவது போல, புதிய விஷயங்களைச் சேர்ப்பதற்கு இரண்டு வாரத் தவணை ஒன்று இங்கே உண்டு. அது கழிந்த பின்னர் வருகின்ற வாரங்கள் பிழை களைவதற்கு மாத்திரமே உரியவை. தவணை தப்பியவர் அடுத்த போகத்துக்குக் காத்திருக்க வேண்டியதுதான்.

கடித வழிக்குச் சில அருங்குணங்கள் இருக்கின்றன என்பதை ஒப்புக்கொள்ளவே வேண்டும். ஒருவர் அனுப்பிய ஒட்டை மற்றவர் தம் பதிலில் வரிவரியாக மேற்கோளிட்டு, ஒவ்வொரு வரியின் கீழும் தமது அபிப்பிராயத்தை எழுதுகின்றார். அந்தச் சம்பாஷணை முழுவதும் எல்லோர் முன்னிலையிலும் நடந்து, என்றென்றைக்கும் பதிவாகி நிற்கின்றது. விட்ட கடிதத்தைத் திரும்ப அழைத்துச் சொல்லை மாற்ற முடியாதாகையால், எழுதுகின்றவர்கள் நிதானமாக எழுதப் பழகுகின்றார்கள். 2004 முதல் ஒவ்வொரு திருத்தத்தின் கீழும் அதனை எழுதியவரும், அது யார் யார் கைமாறி வந்ததோ அவர்களும் தத்தம் ஒப்பத்தை இடுகின்ற வழக்கமும் நிலைபெற்றது. எல்லாவற்றுக்கும் மேலாக, கடிதம் எந்த ஒரு கம்பனிக்கும் சொந்தமானதன்று. மெதுவான இணைப்பிலும் அது போய்ச் சேரும். உறுப்பினர் ஒவ்வொருவர் பெட்டியிலும் அதற்கொரு பிரதி இருக்கும்.

மறுகரையின் சரித்திரம் பிற்பட்டது. 2005 இல், அதுவரை லினக்ஸ்காரர்கள் இலவசமாகப் பயன்படுத்திவந்த வேறொரு கருவியின் அனுமதி நீங்கிவிடவே, டோர்வால்ட்ஸ் தாமே ஏப்ரல் மாதத்தில் கிட்டை ஆக்கினார். நிரலில் நிகழ்ந்த ஒவ்வொரு மாற்றத்தையும் வரலாறாகக் காக்கின்ற அந்தக் கருவியின் பராமரிப்பை அவ்வருஷம் ஜூலையில் ஏற்றுக்கொண்ட ஜூனியோ ஹமானோ அன்றுதொட்டு அப்பொறுப்பிலேயே இருந்து வருகின்றார். 2008 இல் அதே கிட்டை அடிப்படையாகக் கொண்டு கிட்ஹப் என்னும் இணையத் தளம் எழுந்தது. அங்கே ஒருவர் ஒரு நிரலின் பிரதியை எடுத்து, அதில் வேண்டிய திருத்தத்தைச் செய்து, ‘இதனை எடுத்துக்கொள்ளுங்கள்’ என்று விண்ணப்பிக்கலாம். புல் ரிக்குவெஸ்ட் என்று இளைஞர்கள் சொல்லுவது இதனைத்தான். விண்ணப்பித்தவுடனே இயந்திரம் அதனைச் சோதித்துச் சரி பிழை கூறுகின்றது. விண்ணப்பம் எந்த நிலையில் இருக்கின்றது என்பது கண்முன்னே தெரிகின்றது. வாட்ஸ்அப்பில் வளர்ந்து, மின்னஞ்சலைப் பரீட்சை முடிவுக்கும் வேலை விண்ணப்பத்துக்கும் மாத்திரம் திறந்து பார்க்கின்ற ஒரு தலைமுறைக்கு இதைவிடச் சௌகரியமான மார்க்கம் வேறென்ன இருக்கமுடியும்?

ஆயினும் மூத்தவர்கள் அசையவில்லை. விண்ணப்பித்தவரின் மின்னஞ்சல் முகவரியைக்கூட இந்தத் தளம் ஒழுங்காகத் தருவதில்லை என்று 2012 இல் டோர்வால்ட்ஸ் கடிந்துகொண்டு, அதன் வழியாக வருகின்ற விண்ணப்பங்களை ஏற்க மறுத்தார். 2018 இல் மைக்ரோசொப்ட் கம்பனி கிட்ஹப்பை 7.5 பில்லியன் டொலருக்கு விலைபேசி வாங்கியபோதும், 2019 இல் அமெரிக்கப் பொருளாதாரத் தடைகளின் காரணமாக ஈரான், சிரியா முதலிய தேசத்தவர்களின் கணக்குகள் அங்கே கட்டுப்படுத்தப்பட்டபோதும், ஒருவருடைய முற்றத்தில் ஊர்க்கூட்டம் கூட்டுவது உசிதமன்று என்ற அவர்களுடைய எண்ணம் மேலும் வலுப்பெற்றது.

இதற்கு மறுபக்கமும் இருக்கின்றது. இணையத்தில் தமிழ் எழுத்து வேரூன்றிய ஆரம்பகாலத்தில் மரத்தடி, ராயர் காப்பி கிளப் முதலிய மடலாடற்குழுக்கள் யாகூ குழுமத்தில் நடந்தமையும், அந்தக் கம்பனி 2019 இறுதியிற் பழைய மடல்களை நீக்கத் தொடங்கி 2020 டிசம்பரிற் குழுமச் சேவை முழுவதையும் மூடிவிட்டமையும் தமிழ் வாசகர்கள் அறிந்தவையே. ஆகவே கடிதம் என்பதனால் மாத்திரம் ஒன்று சிரஞ்சீவி ஆகிவிடுவதில்லை. அந்தக் கடிதங்களைக் காத்து வைப்பதற்குப் பொதுவான ஒரு பெட்டகம் வேண்டும். கேர்னல்காரர்கள் தங்கள் கடிதங்களை எவரும் பிரதி எடுத்துக்கொள்ளக் கூடியவாறு தாமே காத்து வருகின்றார்கள் என்பதே அவர்களுடைய பலம்.

இனி நம் மாணவியிடம் திரும்புவோம். கிட் என்னும் கருவியும் கடிதக் கரையைச் சேர்ந்ததே. அதன் திருத்தங்கள் யாவும் மடலாடற்குழுவுக்கே அனுப்பப்பட வேண்டும். அவள் தனது ஜிமெயில் பக்கத்தைத் திறந்து, இரண்டு வரிகளையும் ஒட்டி அனுப்புகின்றாள். நிரலில் இருந்த தத்தல் இடைவெளிகளை அந்தப் பக்கம் சாதாரண வெற்றிடங்களாக மாற்றிவிடுகின்றது. நீண்ட வரிகளை நடுவில் முறித்துவிடுகின்றது. ஒட்டு பொருந்தாமற் போகின்றது. அழகான எழுத்தமைப்போடு அனுப்பினாலோ, வெற்றெழுத்தன்றி வேறெதனையும் ஏற்காத அந்தக் குழுவின் வாயிற்காவல் கடிதத்தை அப்படியே திருப்பிவிடுகின்றது. இதற்கென்று உள்ள கட்டளைகளைக் கற்று, அஞ்சற் கணக்கில் விசேஷ கடவுச்சொல்லைப் பெற்று, எல்லாம் சரியாக அமைந்த பின்னர்தான் அவள் முதல் வார்த்தையைப் பேசமுடியும். இத்தனைக்கும் அவளுடைய திருத்தத்தில் ஒரு குறையும் இல்லை.

இத்தகைய தொல்லைகளால் நம் தேசத்தவர்கள் பின்வாங்கினார்கள் என்று நினைத்துவிடலாகாது. 2004 டிசம்பர் 26 ஆந் திகதி கடல் பொங்கி வந்தபோது, இலங்கையிலே அதிகமான உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறையே. பத்தாயிரத்துக்கு மேற்பட்டவர்களை நாம் இழந்தோம். கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் மருதமுனையிலும் காரைதீவிலும் இருந்து தப்பியவர்கள் உள்நாட்டு ஊர்களை நோக்கி ஓடிவந்து, பள்ளிவாசல்களிலும் பாடசாலைகளிலும் தங்கி, ‘என் பிள்ளை எந்த முகாமில்?’ என்று ஏங்கியிருந்த அதே நாட்களில், கொழும்பிற் கணினி அறிந்த தொண்டர்கள் கூடி ‘சஹன’ என்னும் கட்டற்ற மென்பொருளை ஆக்கினார்கள். சிங்களத்தில் நிவாரணம் என்று பொருள்படும் அந்தச் செயலியில், காணாமற்போனோர் பதிவும், முகாம்களின் விபரமும், உதவி வழங்கும் ஸ்தாபனங்களின் ஜாபிதாவும், எங்கே என்ன தேவை என்ற கணக்கும் ஒருங்கே அமைந்தன. லங்கா சொப்ட்வெயார் பவுண்டேஷனின் ஆதரவில் வளர்ந்த அது, 2005 இல் பாகிஸ்தானிற் பூமி அதிர்ந்தபோது அங்கும் உதவிற்று. 2006 ஆம் ஆண்டுக்கான சமூகப் பயன் விருதைக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையிடமிருந்து பெற்றது. மூலநிரல் திறந்திருந்தமையால், ஒரு தேசத்தின் துயரத்திற் பிறந்த கருவியைப் பிறதேசத்தார் எடுத்துத் திருத்திக்கொள்ள எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை.

அதே காலப்பகுதியில், சஞ்சீவ வீரவரண முதலானவர்களின் முயற்சியால், இலங்கையர் பலர் அப்பாச்சி அறக்கட்டளையின் அக்சிஸ்2 போன்ற செயற்றிட்டங்களில் முன்னணியில் நின்றார்கள். கூகிள் நடத்திவரும் கோடைகாலக் கட்டற்ற மென்பொருட் பயிற்சியில் மொரட்டுவைப் பல்கலைக்கழக மாணவர்கள் உலகத்திலேயே தொகையால் முதலிடம் பெற்றார்கள். அப்பாச்சியில் ஒரு பிரசித்தமான நியதி இருக்கின்றது: மடலாடற்குழுவில் நிகழாத எதுவும் நிகழவே இல்லை என்பதே அது. வாக்கெடுப்பு நடந்தால் அது சாதாரணமாகக் குறைந்தது 72 மணித்தியாலங்கள் திறந்திருக்க வேண்டும். கலிபோர்னியாவிற் பகலாக இருக்கும்போது கொழும்பில் நள்ளிரவாகையால், உறங்குகின்றவன் தன் வாக்கை இழந்துவிடலாகாது என்பதே இதன் தாற்பரியம். கடித வழியின் மந்தகதியைக் குறைகூறுகின்றவர்கள், அந்த மந்தகதியே தூரதேசத்தவருக்குக் கதவைத் திறந்து வைத்தது என்பதையும் எண்ணிப் பார்க்கவேண்டும். பின்னாளில் அப்பாச்சி தன் நிரல்களைக் கிட்ஹப்பிலும் வைக்கத் தொடங்கியபோது, அந்தத் தளத்தில் எழுதப்படும் குறிப்புகளையும் விண்ணப்பங்களையும் உரிய மடலாடற்குழுவுக்குத் தானாகவே கொண்டு சேர்க்கின்ற ஓர் ஏற்பாட்டையும் உடன் செய்துகொண்டது. இளையவர்கள் தளத்திற் பேசினாலும் சபையிற் பதிவாகாமற் போவதில்லை.

கிட்டின் சமூகத்திலோ தாம்போதி வேறொரு வகையாகக் கட்டப்பட்டது. அக்கருவியின் விண்டோஸ் பதிப்பைப் பராமரித்துவரும் யொஹான்னஸ் ஷிண்டெலின், 2018 இல் ‘கிட்கிட்கேஜெட்’ என்னும் இடையாள் ஒன்றை உருவாக்கினார். நம் மாணவி கிட்ஹப் தளத்தில் வழக்கம்போல விண்ணப்பத்தை இடுகின்றாள். அவள் புதியவளாகையால், அந்த இடையாள் முதலில் ஒரு நீண்ட வரவேற்புக் குறிப்பை அவளுக்கு அளித்து, திருத்தத்தின் விளக்கவுரை எவ்வாறு அமையவேண்டும், சபையின் சம்பிரதாயம் யாது என்பவற்றைச் சொல்லிக்கொடுக்கின்றது. தலைப்பு வரி நீண்டுபோனாலோ, ஒப்பம் விடுபட்டிருந்தாலோ சுட்டிக்காட்டுகின்றது. பின்னர், ஏற்கெனவே அனுமதி பெற்ற ஒருவர் வந்து, இவரை உள்ளே விடலாம் என்று ஒரு வார்த்தை எழுதவேண்டும். அதன்பின் ‘சப்மிட்’ என்ற ஒற்றைக் கட்டளையை அவள் எழுதியதும், விண்ணப்பம் முழுவதும் வெற்றெழுத்துக் கடிதங்களாக, முகவுரையோடும் வரிசையெண்ணோடும், ஓர் இடைவெளியும் சிதையாமல் மடலாடற்குழுவை அடைகின்றது. மூத்தவர்கள் தங்கள் அஞ்சற் பெட்டியைவிட்டு வெளியே வராமலே பதில் எழுதுகின்றார்கள். அந்தப் பதில்கள் கிட்ஹப் பக்கத்தில் அவளுடைய விண்ணப்பத்தின் கீழே குறிப்புகளாக வந்து விழுகின்றன. திருத்தத்தைத் திருத்தி மறுபடியும் அனுப்பினால், முந்தியதற்கும் பிந்தியதற்கும் உள்ள பேதத்தையும் அந்த இடையாளே கணக்கிட்டுக் கூட அனுப்புகின்றது.

ஆனால் இந்தத் தாம்போதியில் ஒரு குறை இருக்கின்றது. அதுவே இவ்விஷயத்தில் மிகவும் சிந்திக்கத்தக்கது. சபையோர் எழுதிய பதிலைப் பக்கத்திற் கண்ட மாணவி, அங்கேயே அதன் கீழ் தன் மறுமொழியை எழுதினால், அது மடலாடற்குழுவுக்குப் போவதில்லை. அவள் அஞ்சல் வழியாகத்தான் மறுமொழி எழுதவேண்டும். இதை அறியாத புதியவர் தாம் பணிவோடு பதில் சொல்லிவிட்டதாக நினைத்துக்கொண்டிருப்பார். மூத்தவரோ, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாத அலட்சியக்காரர் என்று அவரை எண்ணிவிடக்கூடும். ஒருவரும் தவறு செய்யாதிருக்கவே ஒரு மனஸ்தாபம் முளைத்துவிடுகின்றது.

இவ்வாறு விட்டமைக்குச் சோம்பல் காரணம் என்று சொல்ல எனக்கு மனமில்லை. இரண்டு கரைகளின் சுபாவமே வேறு. தளத்தில் எழுதிய குறிப்பைப் பத்து நிமிஷம் கழித்து மாற்றலாம், அழித்தும் விடலாம். ஆகையால் அங்கே மனிதர்கள் வாயால் பேசுவது போல எழுதுகின்றார்கள். கடிதம் ஒருமுறை போனால் ஆயிரம் பெட்டிகளில் நிரந்தரமாய்த் தங்கிவிடும். ஆகையால் அங்கே மனிதர்கள் பத்திரம் எழுதுவது போல எழுதுகின்றார்கள். திண்ணைப் பேச்சு ஒவ்வொன்றையும் பத்திரத்தில் ஏற்றினால் சபை தாங்காது. ஒரு கரையின் சரக்கை மறுகரைக்குக் கொண்டுசெல்ல இயந்திரத்தால் முடியும்; ஒரு கரையின் தொனியை மறுகரையின் தொனியாக மாற்ற அதனால் முடிவதில்லை. அதற்கு இரு கரையும் பழகிய மனிதர் ஒருவர் அருகில் இருந்து, ‘மகள், இதற்கு அஞ்சலிலே பதில் எழுதுங்க’ என்று சொல்லத்தான் வேண்டும்.

வேறு உபாயங்களும் உள. கேர்னல்காரர்களுக்காகக் கொன்ஸ்தாந்தின் ரியாபித்ஸெவ் ஆக்கிய ‘பீ-ஃபோர்’ என்னும் கருவி, அஞ்சல் அமைப்பின் தொல்லை எதுவுமின்றி இணையவழி ஒரு வாயில் மூலமாக ஒட்டுகளைக் குழுவுக்கு அனுப்ப வகைசெய்கின்றது. போஸ்ட்கிரெஸ் என்னும் தரவுத்தளத்தின் ஆக்கியோர் கடிதத்தைக் கைவிடாமலே, வருஷத்தில் ஐந்து முறை ஒவ்வொரு மாத காலம் ‘கொமிட்பெஸ்ட்’ என்னும் பரிசீலனைப் பருவத்தை நடத்தி, எந்த ஒட்டு எந்த நிலையில், யாருடைய கையில் இருக்கின்றது என்பதனை ஓர் இணையப் பக்கத்தில் எழுதி வைக்கின்றார்கள். கடிதத்தில் மறைந்துபோகும் நிலைமை அங்கே அட்டவணையாக வெளிப்பட்டு நிற்கின்றது. எல்.எல்.வி.எம். என்னும் செயற்றிட்டமோ பழைய ஏற்பாட்டை நீக்கி, 2023 இல் திருத்தங்களின் பரிசீலனையைக் கிட்ஹப் கரைக்கே குடிபெயர்த்துவிட்டது.

குடிபெயர்வதா, பாலம் கட்டுவதா என்பது அந்தந்தச் சமூகத்தின் தீர்மானம். ஆனால் பாலம் கட்டுவதென்று முடிவுசெய்தால், அதன் சுமையை ஏற்கவேண்டியவர்கள் யாவர் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. வழி அறியாதவர், அறிந்தவர் என்ற இருவரில், பாதையைச் செப்பனிடும் வேலையை அறியாதவர்மீது சுமத்துவது நியாயமாகாது. ‘நாங்கள் இப்படித்தான் வந்தோம், நீயும் நனைந்துகொண்டு வா’ என்று சொல்லுகின்ற சபைக்கு, நனையத் தயங்காத சிலர் வருவார்கள். அவர்களைவிடக் கூரிய அறிவுடைய வேறு சிலர் அக்கரையிலேயே நின்றுவிடுவார்கள். அவ்வாறு நின்றவர்களின் கணக்கு எந்தப் பெட்டகத்திலும் பதிவாவதில்லையாகையால், இழந்தது இன்னதென்று சபையோர் ஒருபோதும் அறியமாட்டார்கள்.

நம் மாணவியின் இரண்டு வரிகள், இரண்டு மூன்று முறை திருத்தப்பட்டு, ஒருநாள் ஹமானோவின் கையால் ஏற்கப்படுகின்றன என்று வைத்துக்கொள்வோம். அன்று முதல் அந்தக் கருவியின் வரலாற்றில் அவள் பெயர், அவள் ஒப்பம், எழுதிய திகதி, அத்திருத்தம் ஏன் வேண்டியிருந்தது என்று அவள் கூறிய காரணம் ஆகிய யாவும் நிலைத்துவிடும். உலகத்தில் எவர் அதன் பிரதியை எடுத்தாலும் அவையும் உடன் செல்லும். அவள் அஞ்சல் வழியாக வந்தாளா, தாம்போதி வழியாக வந்தாளா என்பதை அந்தப் பதிவை வாசிக்கின்றவர் கேட்கவும் போவதில்லை. சம்மாந்துறை ஆலையிலே குத்திய அரிசி கல்முனைச் சந்தையிற் சமையலுக்கு விலையாகும்போதும், அது வெள்ளத்துக்கு முன் வந்ததா பின் வந்ததா என்று ஒருவரும் கேட்பதில்லை.